கலிபோர்னியாவுல துப்பாக்கி தடை உத்தரவு ஹியரிங்: ஃபார்ம் வாங்குறதுல இருந்து ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஃப்ரெண்டுக்கு துணையா கோர்ட்டுக்கு போயிருந்தேன். அவ தம்பிக்கு வேலை போய் ஆறேழு மாசம், ரூமை விட்டு வெளிய வர்றதில்ல, அதுக்கு நடுவுல ரெண்டு ஹேண்ட்கன் வாங்கி வச்சிருந்தான். ஜட்ஜ் இவகிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "செத்துப்போறேன்னு அவர் சொன்னது என்னைக்கு?" இவ சொன்னா, "அடிக்கடி சொல்வான் யுவர் ஆனர்". "கடைசியா எப்போ?" பதில் இல்ல. பதில் வாட்ஸப்ல தேதியோட, நேரத்தோட இருந்துச்சு, ஆனா ஃபோன் பைக்குள்ள, மெசேஜ் தமிழ்ல, ஒரு பிரின்ட் கூட எடுக்கல. ஜட்ஜ் கோவப்படல, பேனாவை கீழ வச்சிட்டு கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு இருந்தார், அப்புறம் ரெண்டு வாரம் தள்ளி வச்சார்.

அந்த ரெண்டு வாரத்துல நாங்க தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, உங்க கேஸ் சிக்கலா இருந்தா வக்கீலை பாருங்க. இது முழுக்க கலிபோர்னியா கதை. அமெரிக்காவுல 20 மாநிலத்துக்கு மேல இந்த மாதிரி சட்டம் இருக்கு, பேரு, ஃபார்ம், நாள் கணக்கு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதனால டெக்ஸஸ்ல இருக்குறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க இப்படி ஒரு சட்டமே கிடையாது.

முதல்ல இது என்னன்னு

நியூஸ்ல ரெட் ஃப்ளாக் சட்டம்னு சொல்றது இதைத்தான். கலிபோர்னியாவுல ஜிவிஆர்ஓ, கன் வயலன்ஸ் ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர். தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்திடுவார்னு பயம் இருக்குற ஒருத்தர் துப்பாக்கி, தோட்டா, மேகஸின் (தோட்டா அடைக்கிற டப்பா) எதையும் வச்சிருக்கக்கூடாது, வாங்கக்கூடாதுன்னு கோர்ட் போடுற உத்தரவு. இது சிவில் ஆர்டர். யாரையும் அரெஸ்ட் பண்றதில்ல, கிரிமினல் கேஸும் இல்ல.

இது வந்த கதைய தெரிஞ்சுக்கிட்டா ஜட்ஜ் ஏன் அப்படி கேள்வி கேக்குறார்னு புரியும். 2014 மே 23, சாண்டா பார்பரா பக்கத்துல ஐலா விஸ்டா. ஒரு இளைஞன் 6 பேரை கொன்னுட்டு தானும் செத்துட்டான். அதுக்கு மூணு வாரம் முன்னாடி, ஏப்ரல் 30, குடும்பத்துக்கு கவலை வந்து தகவல் போய் ஷெரிஃப் (உள்ளூர் போலீஸ்) ஆளுங்க அவன் வீட்டுக்கே போனாங்க, வாசல்ல நின்னு பேசினாங்க, நல்லாத்தான் பேசுறான்னு திரும்பிட்டாங்க. வாங்கின துப்பாக்கி எல்லாம் உள்ளேயே இருந்துச்சு. குத்தம் எதுவும் செய்யாத ஒருத்தன்கிட்ட இருந்து துப்பாக்கிய வாங்க அப்போ குடும்பத்துக்கு ஒரு வழியும் கிடையாது. அந்த வருஷமே ஏபி 1014னு சட்டம் பாஸ் பண்ணாங்க, 2016 ஜனவரி 1ல இருந்து நடைமுறை. கனெக்டிகட்ல 1999லயே இப்படி ஒரு சட்டம் வந்துடுச்சு, ஆனா அங்க ஆரம்பத்துல போலீஸ் தரப்புதான் கேக்க முடியும், குடும்பமே நேரா கோர்ட்டுக்கு போகலாம்னு பெருசா கதவை திறந்தது கலிபோர்னியா.

யார் கேக்கலாம், எதை கேக்கணும்

அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, மாமனார் மாமியார் வகையறா, போலீஸ், இவங்க ஆரம்பத்துல இருந்தே. 2020 செப்டம்பர்ல லிஸ்ட் நீண்டுச்சு: முதலாளி, கூட வேலை செய்றவங்க (குறைஞ்சது ஒரு வருஷ பழக்கம், முதலாளி சம்மதம் ரெண்டும் வேணும்), ஸ்கூல் காலேஜ் ஸ்டாஃப். 2023ல இன்னும் நீண்டு ரூம்மேட், டேட்டிங்ல இருக்குறவங்க, குழந்தைக்கு இன்னொரு பெற்றோர், சித்தி பெரியப்பா பிள்ளைங்க வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்து வீட்டுக்காரரோ சாதாரண நண்பரோ நேரா போட முடியாது, அவங்க போலீஸ்கிட்ட சொல்லி போலீஸ் போடணும்.

ரொம்ப பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. ஜிவிஆர்ஓ துப்பாக்கிய மட்டும்தான் எடுக்கும். "என் பக்கத்துல வராத, வீட்டை விட்டு போ, ஃபோன் பண்ணாத"ன்னு இதுல ஒரு வரி கூட இருக்காது. வீட்டுல அடி உதைன்னா நீங்க போடவேண்டியது டொமஸ்டிக் வயலன்ஸ் ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர், ஃபார்ம் டிவி-100. அதுல விலகி நிக்கிற உத்தரவும் வரும், துப்பாக்கி தடையும் தானாவே சேர்ந்து வரும். ஒரு அக்கா, புருஷன் அடிக்கிறார்னு ஜிவிஆர்ஓ மட்டும் போட்டுட்டு, ஆர்டர் கைல இருக்கும்போதே அவர் அதே வீட்டு ஹால்ல உக்காந்து டிவி பார்த்துட்டு இருந்தாராம். பெடரல் சட்டமும் இப்படி குடும்ப வன்முறை ஆர்டர் இருக்குறவங்க துப்பாக்கி வச்சிருக்குறத தடுக்குது, அது செல்லும்னு 2024 ஜூன்ல ரஹிமி வழக்குல சுப்ரீம் கோர்ட் 8-1ன்னு சொல்லிடுச்சு.

இப்பவே, இந்த நிமிஷமே ஆபத்துன்னா ஃபார்ம் எல்லாம் தேடாதீங்க, 911. தற்கொலை பேச்சுன்னா 988க்கும் பேசலாம். போலீஸ் ஸ்பாட்டுக்கு வந்து, நிலைமை மோசம்னு பட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு கூட ஜட்ஜுக்கு ஃபோன் போட்டு எமர்ஜென்ஸி ஆர்டர் வாங்க முடியும். அதுக்கு ஆயுசு 21 நாள். 911ல பேசும்போது வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க.

ஃபார்ம்

மெயின் ஃபார்ம் ஜிவி-100. கூடவே ஜிவி-109 (ஹியரிங் நோட்டீஸ்), ஜிவி-110 (தற்காலிக ஆர்டர்), போலீஸ் சிஸ்டத்துல ஏத்துறதுக்கான ரகசிய ஃபார்ம் சிஎல்இடிஎஸ்-001. எல்லாம் கலிபோர்னியா கோர்ட்ஸ் வெப்சைட்ல ஃப்ரீ. பொதுவா யார் மேல போடுறீங்களோ அவர் வசிக்கிற கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுப்பீரியர் கோர்ட்ல போடணும், நேர்லயும் போடலாம், ஆன்லைன்லயும் அனுப்பலாம். ஃபீஸ் ஒரு சென்ட் கிடையாது, பதில் போடுறவருக்கும் கிடையாது. ஒவ்வொரு கவுன்ட்டி கோர்ட்லயும் செல்ஃப் ஹெல்ப் சென்டர் இருக்கு, ஃபார்ம் நிரப்ப உக்காந்து ஹெல்ப் பண்ணுவாங்க, உங்களுக்காக வாதாட மாட்டாங்க.

ஜிவி-100ல ரெண்டு இடம்தான் உயிர். ஒண்ணு, எத்தனை துப்பாக்கி, என்ன வகை, எங்க இருக்கு. மாடல் நம்பர் தெரியலைன்னா பரவால்ல, "கருப்பு ஹேண்ட்கன் ரெண்டு, பெட்ரூம் க்ளாஸெட் மேல்தட்டு ஷூ டப்பா"ன்னு எழுதுங்க, எடுக்கப்போற ஆஃபீசருக்கு அதுதான் வேணும். ரெண்டாவது, ஏன் ஆபத்துன்னு நினைக்கிறீங்க. இங்கதான் நம்ம ஆளுங்க கதை எழுத ஆரம்பிச்சுடுவாங்க, சின்ன வயசுல இருந்தே கோவக்காரன், சேர்க்கை சரியில்ல, அம்மா அழுறாங்கன்னு மூணு பக்கம். ஜட்ஜுக்கு வேண்டியது அது இல்ல.

சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, ஜட்ஜ் மனசுக்குள்ள அந்த பட்டியலைத்தான் டிக் பண்ணிட்டு இருப்பார். சமீபத்துல தனக்கோ மத்தவங்களுக்கோ மிரட்டல் விட்டாரா, வன்முறை பண்ணாரா. வேற பாதுகாப்பு உத்தரவு ஏதாவது மீறினாரா. கடந்த 12 மாசத்துல இது தொடர்ந்து நடக்குதா. சில வகை குற்றத்துல தண்டனை ஆயிருக்கா. இதெல்லாம் கட்டாயம் பார்க்கணும். துப்பாக்கிய காட்டி பயமுறுத்தினது, போதை அல்லது குடி, புதுசா துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கினது, இதெல்லாம் ஜட்ஜ் விருப்பப்பட்டா பார்க்கலாம். "சமீபம்"னா சட்டப்படி நீங்க ஃபார்ம் போட்ட தேதிக்கு முந்தின 6 மாசம். அஞ்சு வருஷம் முன்னாடி கல்யாண வீட்டுல சண்டை போட்டதை முதல் பக்கத்துல எழுதி இடத்தை வீணாக்காதீங்க.

நாங்க ரெண்டாவது தடவை போனப்ப ஒரே ஒரு பக்கம் கொண்டுபோனோம், ஒவ்வொரு வரியும் தேதி, எங்க, என்ன சொன்னான் அல்லது செஞ்சான் (அவன் வார்த்தையிலயே), யார் பார்த்தாங்க. மொத்தம் எட்டு வரி. அதைத்தான் முதல் நாளே செஞ்சிருக்கணும்.

இன்னொரு விஷயம், நீங்க எழுதுறது மொத்தமும் எதிர்தரப்பு கைக்கு போகும், காப்பி அவருக்கு கொடுத்தே ஆகணும். படிச்சுட்டு எப்படி நடந்துப்பார்னு யோசிச்சு, தேவைன்னா அன்னைக்கு ராத்திரி வேற எங்கயாவது தங்குங்க. பொய் எழுதினா அதுவே மிஸ்டிமீனர் (சின்ன வகை கிரிமினல்) குற்றம், டைவர்ஸ் சண்டைக்கு இதை ஆயுதமா எடுக்கலாம்னு ஐடியா கொடுக்குற சொந்தக்காரங்க பேச்சை கேக்காதீங்க.

தற்காலிக ஆர்டர், சர்வீஸ்

ஃபார்ம் போட்ட அன்னைக்கே, லேட்டா போட்டா அடுத்த நாள், ஜட்ஜ் தற்காலிக ஆர்டர் தர்றதா வேண்டாமான்னு சொல்லிடுவார். இதுல எதிர்தரப்பு இருக்கமாட்டார். கொடுத்தா 21 நாளுக்குள்ள ஹியரிங். கொடுக்கலைன்னாலும் மனசு உடைஞ்சு போயிடாதீங்க, ஹியரிங்ல கேட்டு வாங்க வழி இருக்கு, மறுத்த காரணத்தை படிச்சு அந்த ஓட்டையை அடைங்க.

அப்புறம் பேப்பரை அவர் கைல நேர்ல கொடுக்கணும், இதுக்கு பேரு சர்வீஸ். நீங்க கொடுக்கக்கூடாது, கொடுத்தா செல்லாது. ஷெரிஃப் ஃப்ரீயா கொடுப்பாங்க, துப்பாக்கி விஷயம்ங்கிறதால அவங்கதான் போகணும்னு நான் சொல்வேன், மாமா பையனை அனுப்பாதீங்க. பொதுவா ஹியரிங்குக்கு 5 நாள் முன்னாடி கொடுத்திருக்கணும், உங்க ஜிவி-109ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கொடுத்ததுக்கு சாட்சி ஜிவி-200, அது கோர்ட் ஃபைலுக்கு போயிடுச்சான்னு ஹியரிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்ணி கேளுங்க. ஆளை பிடிக்க முடியலையா, ஜிவி-115 போட்டு ஹியரிங்கை தள்ளி வைக்க கேக்கலாம், தற்காலிக ஆர்டரையும் நீட்டிக்க சொல்லி கேளுங்க.

ஆஃபீசர் பேப்பர் கொடுக்கும்போதே துப்பாக்கிய கேப்பார், அங்கயே கொடுத்துடணும். அப்போ கேக்கலைன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்டயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு, 48 மணி நேரத்துக்குள்ள ரசீதை கோர்ட்ல போடணும், அந்த ஃபார்ம் ஜிவி-800. ஒப்படைக்க போறவர் ஸ்டேஷனுக்கு முதல்ல ஃபோன் பண்ணி எப்படி கொண்டுவரணும்னு கேட்டுட்டு போகணும், கைல துப்பாக்கியோட லாபிக்குள்ள நடந்து போறது தற்கொலைக்கு சமம். கோர்ட்டுக்கு கொண்டுபோகவே கூடாது, சொல்லணுமான்னு தோணும், சொல்லித்தான் ஆகணும்.

தமிழ் மெசேஜ் சமாச்சாரம்

இதைப்பத்தி நாங்க பார்த்த இங்கிலீஷ் கைடு எதுலயும் இல்ல, நாங்க அடி வாங்கின இடம் இதுதான். கலிபோர்னியா கோர்ட்ல வேற மொழியில இருக்குற ஆதாரம் கொடுத்தா கூடவே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் இது சரிதான்னு சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டிருக்கணும். நீங்களே பென்சில்ல பக்கத்துல எழுதினது எடுபடாது. கூகுள்ல போட்டு எடுத்தது அதைவிட மோசம், "போயிடுறேன் அக்கா, நீ பார்த்துக்கோ"ங்கறதுக்கு "ஐ யாம் கோயிங் சிஸ்டர், யூ ஸீ"ன்னு வந்தா ஜட்ஜுக்கு என்ன புரியும். அந்த "போயிடுறேன்"ல இருக்குற கனம்தான் கேஸே. முக்கியமான அஞ்சாறு மெசேஜை மட்டும் தேர்ந்தெடுத்து சர்டிஃபைடா மொழிபெயர்த்து வாங்குங்க, மொத்த சாட்டையும் கொடுத்தா காசும் போகும் கவனமும் போகும்.

தங்கிலீஷ் மெசேஜும் தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்துல இருக்குன்னு விட்டுடாதீங்க. வாய்ஸ் நோட்னா எழுத்து வடிவமும் மொழிபெயர்ப்பும் வேணும். ஸ்கிரீன்ஷாட்ல பேரு, தேதி, நேரம் மூணும் தெரியணும், "டுடே"ன்னு மட்டும் காட்டுற ஸ்கிரீன்ஷாட் பிரயோஜனம் இல்ல. மூணு செட் பிரின்ட்: ஜட்ஜுக்கு, எதிர்தரப்புக்கு, உங்களுக்கு.

ஃபோன்ல பேசுறதை ரகசியமா ரெகார்ட் பண்ணலாமேன்னு தோணும். கலிபோர்னியாவுல ரெண்டு பக்கமும் சம்மதம் இல்லாம தனிப்பட்ட பேச்சை ரெகார்ட் பண்றது குற்றம், சில விதிவிலக்கு இருக்கு ஆனா வக்கீலை கேக்காம இறங்காதீங்க. அவரே விட்ட வாய்ஸ்மெயில், வாய்ஸ் நோட் பிரச்சனை இல்ல.

உங்களுக்கோ சாட்சி சொல்ல வர்ற அம்மாவுக்கோ இங்கிலீஷ் தடுமாறும்னா ஐஎன்டி-300 ஃபார்ம் போட்டு தமிழ் இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, ஃப்ரீ. ஃபைல் பண்ற அன்னைக்கே கேளுங்க, ஸ்பானிஷ் மாதிரி தமிழுக்கு பில்டிங்லயே ஆள் இருக்கமாட்டாங்க. இலங்கைத் தமிழா, மதுரைத் தமிழான்னு கூட சொல்லி வைக்கிறது நல்லது.

ஹியரிங் அன்னைக்கு

கண்டிப்பா வாங்க. கேட்டவர் வரலைன்னா பெரும்பாலும் அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிடும், தற்காலிக ஆர்டரும் போயிடும். நேர்ல பயமா இருந்தா ஆன்லைன்ல ஆஜராக கேக்கலாம், அதுக்கு ஃபீஸ் இல்ல, எப்படின்னு அந்த கோர்ட் வெப்சைட்ல இருக்கும். நேர்ல போறீங்கன்னா அரை மணி நேரம் முன்னாடி, செக்யூரிட்டி லைன் நீளமா இருக்கும். காரிடார்ல எதிர்தரப்பு பக்கத்துல நிக்கவேண்டி வரும், சங்கடமா இருந்தா பெய்லிஃப்கிட்ட (கோர்ட் காவலர்) சொன்னா தள்ளி உக்கார வைப்பார். அவர் அம்மா வந்து "பேசி முடிச்சுக்கலாம் கண்ணு"ன்னு ஆரம்பிப்பாங்க, அங்க வேண்டாம்.

உங்க நம்பர் கூப்பிட்டதும் ரெண்டு பேரும் சத்தியப்பிரமாணம். முதல்ல நீங்க, ஏன்னா நிரூபிக்கிற பாரம் உங்க மேல. தற்காலிக ஆர்டருக்கு, ஆபத்துக்கான வாய்ப்பு கணிசமா இருக்குன்னு காட்டினா போதும், இங்க அளவுகோல் கூடுது, தெளிவான, நம்பும்படியான ஆதாரம் வேணும். கிரிமினல் கேஸ் அளவுக்கு இல்ல, ஆனா சாதாரண சிவில் கேஸை விட ஒரு படி மேல. நிரூபிக்க வேண்டியது ரெண்டு. துப்பாக்கி கைல இருந்தா அவர் தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்துற ஆபத்து கணிசமா இருக்குங்கிறது ஒண்ணு. இதைவிட மென்மையான வழி முயற்சி பண்ணி பலிக்கல, அல்லது இந்த நிலைமைக்கு அது பத்தாதுங்கிறது ரெண்டாவது. இந்த ரெண்டாவதை எல்லாரும் மறந்துடுவாங்க. "வேற வழி பார்த்தீங்களா?"ன்னு ஜட்ஜ் கேப்பார், கேக்காட்டியும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம் ரெண்டு தடவைக்கு அப்புறம் வரல, துப்பாக்கிய மாமா வீட்டுல வைன்னு கேட்டோம் கதவை சாத்திட்டான், பூட்டு சாவி எங்கிட்ட குடுன்னு கேட்டேன் தரல, தேதியோட.

பேசும்போது ஜட்ஜை பார்த்து பேசுங்க, எதிர்ல இருக்குறவரை பார்த்து இல்ல. அவர் பேசும்போது தலையாட்டுறது, "பொய்"னு முணுமுணுக்கிறது எல்லாம் ஜட்ஜ் பார்ப்பார். நீங்களே பார்க்காத விஷயத்தை "சித்தி சொன்னாங்க"ன்னு சொன்னா எதிர்தரப்பு வக்கீல் எந்திரிச்சுடுவார், சித்தியையே கூட்டிட்டு வாங்க. வரமாட்டேங்கிற சாட்சிக்கு சப்பீனா (கோர்ட் சம்மன்) அனுப்பலாம். அப்புறம் அவர் பேசுவார், உங்களை கேள்வி கேப்பார். "இவ மேல எனக்கு எந்த கோவமும் இல்ல"ன்னு அழகா பேசுவார், உண்மையாவும் இருக்கலாம். உங்க கேஸ் அவர் கெட்டவர்ங்கிறது இல்லையே. என் ஃப்ரெண்ட் ரெண்டாவது தடவை சொன்னது, "என் தம்பி நல்லவன், அந்த ரெண்டு துப்பாக்கியும் வீட்டுல இருந்தா எனக்கு தூக்கம் வரல, இதோ மார்ச் 9 ராத்திரி 1:40க்கு வந்த மெசேஜ்". ஜட்ஜ் அந்த பேப்பரை ரெண்டு தடவை படிச்சார்.

உங்க மேல யாராவது போட்டிருந்தா

ஹியரிங்குக்கு போகாம இருக்குறதுதான் பெரிய தப்பு, நீங்க இல்லாமலே ஆர்டர் போடலாம். பதில் ஃபார்ம் ஜிவி-120, அதைப் போடாட்டியும் நேர்ல வந்து பேசலாம். இது சிவில் கேஸ், ஃப்ரீ வக்கீல் கோர்ட் தராது. பக்கத்துல கிரிமினல் கேஸ் ஏதாவது ஓடுதுன்னா இங்க நீங்க பேசுறது அங்க உங்களுக்கு எதிரா வரும், வாயை திறக்குறதுக்கு முன்னாடி வக்கீலை பாருங்க. டாக்டர் லெட்டர், கூட இருக்குறவங்க சாட்சி, ஒப்படைச்ச ரசீது, இதெல்லாம் பேசுற மாதிரி எதுவும் பேசாது. எதிர்க்க விருப்பமில்லைன்னா ஜிவி-125 போட்டு சம்மதம் தெரிவிக்கலாம். ஆர்டரை மீறினா மிஸ்டிமீனர், அதோட, இப்போ இருக்குற ஆர்டர் முடிஞ்சப்புறம் இன்னும் 5 வருஷம் துப்பாக்கி தடை.

ஆர்டர் வந்தப்புறம்

கிடைச்சா ஜிவி-130ல வரும், 1 வருஷத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும், எவ்வளவுன்னு ஜட்ஜ் முடிவு பண்ணுவார். 2020 செப்டம்பருக்கு முன்னாடி ஒரு வருஷம் மட்டும்தான். எதிர்தரப்பு, ஆர்டர் ஓடுற ஒவ்வொரு வருஷத்துலயும் ஒரு தடவை ஜிவி-600 போட்டு ரத்து பண்ண கேக்கலாம், அப்போ இனி ஆபத்து இல்லைன்னு நிரூபிக்கிறது அவர் வேலை. நீங்க நீட்டிக்கணும்னா ஜிவி-700, முடியுறதுக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள போடணும். முடிஞ்சப்புறம் போட்டா மறுபடி முதல்ல இருந்து. ஆர்டர் முடிஞ்சதும் துப்பாக்கி தானா வீடு தேடி வராது, ஸ்டேட் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்கு விண்ணப்பம் போட்டு, பின்னணி செக் முடிஞ்சு லெட்டர் வந்தாத்தான் போலீஸ் கொடுப்பாங்க.

என் ஃப்ரெண்டுக்கு ஒரு வருஷம் கொடுத்தாங்க. அன்னைக்கே பார்க்கிங் லாட்ல உக்காந்து, முடியுறதுக்கு மூணு மாசம் முந்தி ஃபோன்ல ரிமைண்டர் வச்சா. தம்பி முதல் நாலு மாசம் அவகூட பேசல. ரிமைண்டர் அடிச்ச அன்னைக்கு அவனே பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தான், எட்டிப்பார்த்துட்டு "என்ன பண்ணப்போற?"ன்னு கேட்டானாம். இவ ஆஃப் பண்ணிட்டா. துப்பாக்கி ரெண்டும் இன்னும் அவன் ஒப்படைச்ச டீலர்கிட்டதான் இருக்கு, மாசாமாசம் அவன்தான் வாடகை கட்டுறான்.